ஏலக்காய் ஸ்டோரில் எரியும் விறகும் பெல்லட் கொள்கையும்: இடுக்கி – தேனி எல்லையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏலமலையில் காய் எடுப்பும் மழையும் ஒரே காலத்தில் வருகின்றன. ஆடியில் தொடங்கும் அறுவடை தை வரை நீள்கிறது. அதன் முதல் பாதி தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் கழிகிறது. செடியிலிருந்து பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கும். அதைத் தாமதமின்றி உலர்த்தத் தொடங்காவிட்டால் காயின் பச்சை நிறம் மங்கும், நிறம் மங்கினால் ஏலத்தில் விலை விழும். அதனால் வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என எங்கு பார்த்தாலும், உள்ளூரில் ஸ்டோர் என்று அழைக்கப்படும் உலர்த்தும் கட்டடங்களின் அடுப்புகள் இந்த மாதங்களில் இரவும் பகலும் அணையாமல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் எரிவது விறகு.

மரத்தூளையும் வேளாண் கழிவையும் அழுத்தி உருவாக்கும் பெல்லட் எரிபொருளுக்கு இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் கொள்கை ஆதரவு வேகமாகக் கூடியுள்ளது. ஆலை அமைப்போருக்கு நிதியுதவி உண்டு, அனல் மின் நிலையங்கள் வாங்கியே தீர வேண்டும் என்ற ஆணையும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும், வெப்பத்தைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்காத ஏலக்காய் ஸ்டோருக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் அந்த ஆதரவு ஏன் வந்து சேரவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி. நம்முடைய கொள்கை பெல்லட்டை மின் நிலையத்தின் எரிபொருளாக மட்டும் பார்க்கிறது. வெப்பம் தேவைப்படும் சிறு பயனாளி அதன் கணக்கிலேயே இல்லை. தடைகள் பல இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் வேர் இதுதான் என்பது என் முடிவு. எல்லையின் இரு பக்கத்திலும் இருக்கும் விவசாயிகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய இடமும் இதுவே.

ஆய்வுக் களம்

ஏலமலைக் காப்புப் பகுதி 1897இல் திருவிதாங்கூர் அரசால் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு இன்றும் உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் அந்நீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டா வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நிலத்தின் தகுதியே முடிவாகாத இடத்தில் மரத்தின் தகுதியும் முடிவாவதில்லை. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். மழைக்கு முன் கிளை கழிப்பது வழக்கமான தோட்ட வேலைதான். ஆனால் மரத்தை வெட்டுவதற்கு அனுமதியும் விளக்கமும் தேவைப்படுகின்றன. கழித்த கிளை ஒரு பருவம் முழுவதற்கும் போதுவது அரிது. பற்றாக்குறைக்கு விறகை விலைக்கு வாங்குகிறார்கள்.

தோட்ட உரிமையாளர்களில் பலருக்குப் போடிநாயக்கனூரும் கம்பமுமே சொந்த ஊர். தொழிலாளர்கள் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்பில் நாள்தோறும் மலையேறித் திரும்புகிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. இரு மாநிலங்களின் விதிகள் இந்த ஒரே தொழிலை நடுவில் அறுத்துச் செல்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எரிபொருளும் அந்த மாநில எல்லையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

தேயிலையின் நிலை சற்று வேறு. அசாமில் நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் எரியும் இடத்தில் தென்னிந்தியத் தொழிற்சாலைகள் விறகையே நம்பியிருக்கின்றன. மூணாறு தோட்டங்கள் பல பத்தாண்டுகளாக கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் வகை மரத்தை விறகுக்கென்றே தோப்புத் தோப்பாக வளர்த்தன. இப்போது அந்த மரத்தின் காலம் மாறி வருகிறது. யூகலிப்டஸ், அக்கேசியா, வாட்டில் போன்ற அயல் மரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பது என்று கேரள அரசு 2021இல் கொள்கை வகுத்தது. 2024 மே மாதத்தில் வன மேம்பாட்டுக் கழகத்துக்கு மீண்டும் யூகலிப்டஸ் நட அனுமதி தரப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது, அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. தமிழ் பேசும் மலைக் கிராமங்களான வட்டவடையிலும் கோவிலூரிலும் கொட்டாக்கம்பூரிலும் கிராண்டிஸ் நீர்நிலைகளை வற்றச் செய்கிறது என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. ஆக, விறகு மலிவாகவும் தடையின்றியும் கிடைத்த நிலை இம்மலையின் எல்லாப் பக்கத்திலும் தளர்ந்துகொண்டு வருகிறது. அடுத்த எரிபொருள் எது என்ற கேள்வி இங்கே உண்மையான கேள்வி.

ஒரு ஸ்டோரின் வெப்பக் கணக்கு

பெல்லட் விற்பவர்கள் சேமிப்புக் கணக்கைக் கிலோவுக்குக் கிலோ வைத்துச் சொல்கிறார்கள், தோட்டக்காரர்களும் கிலோ விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறான கணக்கு. கீழே உள்ளது அளவீடு அன்று, எவரும் தம் ஸ்டோருக்கு எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு மதிப்பீடு.

ஒரு தடவைக்கு 500 கிலோ பச்சைக்காய் ஏற்றப்படுகிறது என்று கொள்வோம். ஈரம் 80 விழுக்காடு என்றால் அதில் 400 கிலோ நீர், 100 கிலோ உலர்பொருள். பத்து விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் கிடைப்பது ஏறக்குறைய 111 கிலோ காய், வெளியேற வேண்டிய நீர் 389 கிலோ. நீரைச் சூடாக்கி ஆவியாக்கக் கிலோவுக்கு 600 கிலோகலோரி என்று வைத்தால் தேவையான வெப்பம் சுமார் 2,33,000 கிலோகலோரி. அரைகுறையாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 3,000 கிலோகலோரி தரும். சுவருக்கு வெளியே அடுப்பும், அறைக்குள் ஓடும் இரும்புப் புகைக்குழாயும் கொண்ட வழக்கமான அமைப்பில் அந்த வெப்பத்தின் கால் பங்கே காய்க்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டால், ஒரு தடவைக்கு 311 கிலோ விறகு வேண்டும். மழையில் நனைந்து பாதி எடை நீராகிவிட்ட விறகு கிலோவுக்கு 2,000 கிலோகலோரிதான் தரும் என்பதால் அதே வேலைக்கு 467 கிலோ ஆகிவிடும்.

நல்ல மரத்தூள் பெல்லட்டின் ஈரம் பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும், வெப்பம் கிலோவுக்கு 4,200 கிலோகலோரிக்குக் குறையாது. தானாக ஊட்டும் எரிப்பானும் சீரான காற்றோட்டமும் இருந்து, பாதி வெப்பம் பயன்பட்டால் 111 கிலோ போதும். எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால், காய்ந்த விறகின் கிலோ விலையைப் போல 2.8 மடங்கு விலை கொடுத்துப் பெல்லட் வாங்கினாலும் நட்டமில்லை. ஆடி ஆவணி மாதத்து ஈர விறகோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு வரை கொடுக்கலாம்.

ஆயினும் எரிபொருள் சேமிப்பை முன்னிறுத்தி ஏலக்காய்க்காரரிடம் பேசுவது பயனற்றது என்றே நினைக்கிறேன். உலர்காய் கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு தடவை ஸ்டோரிலிருந்து இறங்கும் சரக்கின் மதிப்பு 2,20,000 ரூபாயைத் தாண்டுகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் மிக உயர்ந்த விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டதை மறக்காதவர்கள் இவர்கள். இந்த மதிப்போடு ஒப்பிட்டால் விறகுச் செலவு சிறியது. நிறம் கெட்டு விலையில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால்கூட அதுவே 2,200 ரூபாய் இழப்பு. நல்ல பச்சை நிறத்துக்கு அறை வெப்பம் 45 முதல் 55 பாகைக்குள் ஒரு நாள் முழுவதும் நிலையாக இருக்க வேண்டும். நள்ளிரவில் அடுப்பைக் கவனிப்பவர் ஒருமுறை அதிகமாக விறகைத் தள்ளிவிட்டால் வெப்பம் எகிறி, காய் வெளுக்கும், வெடிக்கும். பெல்லட் எரிப்பானின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது: அறையின் வெப்பமானி சொல்கிற அளவுக்கு ஏற்ப அது தீனியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. ஏலமலையில் பெல்லட்டின் விற்பனைச் சொல் நிறமாக இருக்க வேண்டும்.

தேயிலையில் இந்த வாதம் தலைகீழாகிறது. கிலோவுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் விலையில் விற்கும் தூளுக்கு ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை விறகு செலவாகிறது என்பதால், அங்கே எரிபொருளின் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் வருகிறது. நறுமணப் பொருளுக்கு முதலில், தேயிலைக்குப் பிறகு என்ற வரிசையில் சந்தையை வளர்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 2,33,000 கிலோகலோரியை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் ஏறக்குறைய 11 கிலோவாட், எரிப்பதில் பாதி வெப்பமே பயன்படும் என்பதால் தேவையான எரிப்பானின் சராசரித் திறன் ஏறக்குறைய 22 கிலோவாட். முதல் சில மணி நேரங்களில் நீர் வேகமாக வெளியேறுவதால் உச்சத் தேவை அதைவிடக் கூடும் என்றாலும், ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஒரு வீட்டைச் சூடாக்கும் பெல்லட் கொதிகலனின் அளவை ஒட்டியே இது இருக்கிறது. மேலை நாடுகளில் பல ஆண்டுகள் சோதித்து முதிர்ந்த தொழில்நுட்பம் இந்த அளவுக்குத்தான் முதிர்ந்திருக்கிறது. நம்முடைய கொள்கையோ நூற்றுக்கணக்கான மெகாவாட் உலையை நோக்கி எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு எரிபொருள்

ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் திருத்திய கொள்கை, நிலக்கரி மின் நிலையங்கள் 5 விழுக்காடு உயிரிப் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்றது. 2023 ஜூனில் அதை மீண்டும் திருத்தி, 2024-25 நிதியாண்டில் 5 விழுக்காடு, 2025-26 முதல் 7 விழுக்காடு என்று காலவரையறை வைத்தது. இதற்கென ‘சமர்த்’ என்ற தேசிய இயக்கமும் அமைக்கப்பட்டது. வட மாநிலங்களில் வயலில் எரிக்கப்படும் வைக்கோலுக்கு ஒரு வழி கண்டாக வேண்டும் என்ற கட்டாயமே இதன் பிறப்பிடம், அந்த நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை.

சிக்கல் பெல்லட்டின் தரத்தில் வருகிறது. மின் நிலையத்துக்கான விவரக்குறிப்பு 25 மில்லிமீட்டர் வரை விட்டத்தையும், கிலோவுக்கு 2,800 முதல் 4,000 கிலோகலோரி வரையான வெப்பத்தையும் ஏற்கிறது. அங்கே பெல்லட் மீண்டும் தூளாக்கப்பட்டு நிலக்கரியோடு எரிவதால் சாம்பல் அதிகமிருந்தாலும் நிலையம் தாங்கிக்கொள்ளும். சிறு எரிப்பானுக்கு இது பொருந்தாது. பெல்லட்டை எரிகலத்துக்குள் தள்ளும் அதன் திருகூட்டி 6 முதல் 8 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கே வடிவமைக்கப்பட்டது. வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் சாம்பல் உருகும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடுவதால் எரிகலத்தில் உருகிய சாம்பல் கிளிங்கர் என்ற கட்டியாக உறைந்து காற்றுத் துளைகளை அடைக்கிறது. ஐரோப்பாவின் ‘ஈஎன்-பிளஸ்’ முறையில் முதல் தரப் பெல்லட்டின் சாம்பல் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நெல் உமியின் சாம்பலோ 20 விழுக்காட்டை நெருங்கும்.

இரண்டையும் பெல்லட் என்றே அழைக்கிறோம், இரண்டுக்கும் ஒரே விதமாக உதவித்தொகை தருகிறோம். மின் நிலையத்துக்கென்று ஓட்டிய ஆலையிலிருந்து மிஞ்சிய சரக்கை ஒரு ஸ்டோர்காரர் வாங்கி எரிக்கிறார், மூன்றாம் நாள் எரிப்பான் அடைத்துக்கொள்கிறது, அந்தச் செய்தி அந்த மலைச்சரிவு முழுவதும் பரவுகிறது. ஒரு புதிய எரிபொருளின் பெயர் கெடுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. உமி, வைக்கோல் பெல்லட்டுகள் கீழானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு உரிய உலை வேறு என்பதைச் சாக்கின் மேல் எழுதி விற்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

வெளிச்சந்தையின் பாடம்

வெப்பத்துக்கான பெல்லட் சந்தை நம்பிக்கையின் மேல் நிற்கிறது, நம்பிக்கை விலை நிலைப்பின் மேல் நிற்கிறது. 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய, பெலாரஸ் பெல்லட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. எரிவாயுவுக்கு அஞ்சியவர்கள் பெல்லட்டைப் பதுக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 250 யூரோவுக்குக் கீழே இருந்த விலை 2022 செப்டம்பரில் 700 யூரோவைத் தாண்டியது. அடுத்த ஆண்டே விலை இறங்கியது என்றாலும், உள்ளூர் மூலப்பொருளில் ஓடாத சந்தை எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது. மின் நிலையங்களை மட்டுமே நம்பிய பெருநிறுவனங்களின் கதையும் தெரிந்ததே. தொழிற்பயன் பெல்லட்டில் உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளராக இருந்த அமெரிக்காவின் ‘என்விவா’ 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது.

கொள்கைக்காக வாதாடுவோர் கற்க வேண்டிய நிகழ்வு அமெரிக்காவில் வேறொன்று இருக்கிறது. சூரிய ஒளித் தகடுக்கு வரிச் சலுகை உண்டு, விறகு வெப்பத்துக்கு இல்லை என்ற முறையீட்டோடு, 2009இல் தொடங்கப்பட்ட உயிரி வெப்ப ஆற்றல் மன்றமும் பெல்லட் உற்பத்தியாளர் அமைப்பும் ஆண்டுக்கணக்கில் ஒரே கோரிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்துக்கொண்டிருந்தன. 2020 டிசம்பரில்தான் அது சட்டமாயிற்று. 2021 முதல் 26 விழுக்காடு வரிக்கழிவு கிடைத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2023 முதல் அது 30 விழுக்காடாகி, 2,000 டாலர் உச்சவரம்போடு வேறு பிரிவுக்கு மாறியது. 2025இல் வந்த சட்டம் அந்த ஆண்டின் முடிவோடு அதை நிறுத்திவிட்டது. பத்தாண்டுக்கு மேல் முயன்று பெற்றது ஐந்தே ஆண்டுகள் நிலைத்தது என்பது வருத்தத்துக்குரியது. இருந்தாலும் அந்தக் கோரிக்கை வடிவமைக்கப்பட்ட விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. எரிபொருளுக்கோ ஆலைக்கோ அவர்கள் உதவி கேட்கவில்லை. 75 விழுக்காடு வெப்பத்திறனைச் சோதனையில் காட்டிய அடுப்பை வாங்கும் குடும்பத்துக்கு உதவி கேட்டார்கள். எரிக்கும் கருவி வீட்டுக்கு வந்துவிட்டால் எரிபொருள் ஆலை தானே நிற்கும் என்பது அதன் உள்ளே இருந்த எண்ணம்.

இந்தியாவில் நாம் எதிர்த் திசையில் தொடங்கினோம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டம் பிரிக்கெட் (பெல்லட்டைவிடப் பெரிய கட்டியாக அழுத்திய எரிபொருள்), பெல்லட் ஆலைகளுக்கு மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம் ரூபாய், ஓர் ஆலைக்கு அதிகபட்சம் 45 லட்சம் ரூபாய் என்று உதவி வகுத்தது. பெல்லட்டுக்கான அந்த அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. எரிப்பானை வாங்கும் சிறு பயனாளிக்கு இதைப் போன்ற கதவு அதில் இல்லை.

விறகுக்கு வரி இல்லை

விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பெல்லட்டுக்கு உண்டு. 2018 ஜூலையில் நடந்த 28ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் திட உயிரி எரிபொருள் பெல்லட்டின் வரியை 5 விழுக்காடாகக் குறைத்தது, அது நல்ல முடிவு. தொழிற்சாலைக்கு அந்த 5 விழுக்காடு உள்ளீட்டு வரவாக, அதாவது அது கட்ட வேண்டிய வரியில் கழிவாக, திரும்பிவிடும். தன் தோட்டத்துக் காயைத் தானே உலர்த்தும் விவசாயி ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லாதவர் என்பதால் அவருக்குத் திரும்பாது. மலையில் விறகு பெரும்பாலும் ரசீதில்லாமல் கைமாறுகிறது. பெல்லட்டோ ரசீதோடும், சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநில எல்லையில் மின்வழிச் சீட்டோடும் (இ-வே பில்) வருகிறது. முறையாக நடப்பவருக்கே சுமை என்ற நிலை இது.

இத்தாலி இதே தவற்றைச் செய்து பார்த்திருக்கிறது. பெல்லட் அடுப்புகள் ஐரோப்பாவிலேயே அதிகம் புழங்கும் அந்நாட்டில் 2015இல் பெல்லட்டின் மதிப்புக்கூட்டு வரியை 10இலிருந்து 22 விழுக்காடாக உயர்த்தினார்கள். விறகுக்கு 10 விழுக்காடே நீடித்தது. சங்கங்கள் இடைவிடாமல் முறையிட்டன. 2022இன் விலையேற்றம் வந்த பிறகே 2023க்கான நிதிச் சட்டத்தில் பெல்லட் தற்காலிகமாக 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. சங்கங்கள் கேட்டது சலுகையன்று, விறகுக்குச் சமமான நடத்தை. நாமும் அதையே கேட்கலாம்.

நிலக்கரி வரி மாற்றமும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரியின் ஜிஎஸ்டி 5இலிருந்து 18 விழுக்காடாகியது, டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு மேல்வரி நீங்கியது. தலைப்பைப் பார்த்தால் நிலக்கரி விலையேறியது போலத் தோன்றும். மேல்வரியைப் பிற வரியில் கழிக்க முடியாது, 18 விழுக்காட்டைக் கழிக்கலாம் என்பதால், வரி வரவு பெறும் சமவெளி ஆலைகளுக்குச் சுமை குறைந்திருக்கவே வாய்ப்பு. அந்த ஆலைகளின் கொதிகலன்களை நம்பியிருக்கும் பெல்லட், பிரிக்கெட் உற்பத்தியாளர்களுக்கு இது நெருக்கடி. நிலக்கரியோடு போட்டியில்லாத ஏலமலை போன்ற சந்தையை அவர்கள் தேடி வருவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மலை வைக்கும் சோதனை

பெல்லட்டின் முதல் பகை ஈரம். தண்ணீர் பட்ட பெல்லட் ஊறி உதிர்ந்து மீண்டும் மரத்தூளாகிவிடும், ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் சாக்கும் மெல்லக் கெடும். ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் உள்ள மாவட்டத்தில், ஆடிக்கு முன் பருவத்துக்குத் தேவையான சரக்கை இறக்கிக் காப்பது எளிதன்று. ஆனால் அளவு சிறியது. மாதம் 12 தடவை உலர்த்தும் ஸ்டோருக்கு மேற்கண்ட கணக்கில் 1.3 டன் பெல்லட் வேண்டும், அது இரண்டு கன மீட்டர் இடத்தில் அடங்கும். அதே வேலைக்கான 3.7 டன் விறகுக்கு எட்டு, ஒன்பது கன மீட்டராவது வேண்டும். உள்ளுறையிட்ட சாக்கும், தரையிலிருந்து உயர்த்திய பலகையும், ஸ்டோரின் வெப்பச் சுவரை ஒட்டிய ஓர் அறையும் இருந்தால் போதும்.

இரண்டாவது மின்சாரம். திருகூட்டியும் விசிறியும் சில நூறு வாட்டில் ஓடுபவைதான், ஆனால் அந்தச் சில நூறு வாட் நிற்காமல் வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலையில் மின்சாரம் திரும்பி வர நேரமாகும். அடுப்பு பாதியில் அணைந்தால் 500 கிலோ காயும் போகும். விறகு அடுப்புக்கு இந்தக் கவலையே இல்லை. ஆகவே மின்கலமும், மின்சாரம் அறவே இல்லாதபோது விறகு போட்டு எரிக்கக்கூடிய வாயிலும் இல்லாத எந்த எரிப்பானையும் இம்மலைக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சாலை மூன்றாவது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஒரு லாரியில் ஏறும் வெப்பத்தின் அளவைப் பார்த்தால் பெல்லட்டுக்கே ஆதாயம், ஏனெனில் ஒரு கன மீட்டர் இடத்தில் 600 கிலோவுக்கு மேல் அடங்குகிறது, ஒவ்வொரு கிலோவிலும் வெப்பம் கூடுதல்.

எந்த மரத்தூள்?

பெல்லட்டை ஆதரிப்பவர் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. உலக அளவில் இத்தொழில் மீது வந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டு, கழிவு என்ற பெயரில் முழு மரமும் ஆலைக்குள் போகிறது என்பது. 2021 பிப்ரவரியில் 500க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, தென்கொரியத் தலைவர்களுக்கு எழுதிய கடிதம், மின்சாரத்துக்காக மரம் எரிப்பதைக் கைவிடுமாறு கேட்டது. அந்தக் கவலை ஏலமலைக்கு இரு மடங்கு பொருந்தும், ஏனெனில் இங்கே நிழல் மரம் போனால் ஏலக்காயே இல்லை.

எல்லையின் இரு பக்கத்திலும் கழிவு இருக்கத்தான் செய்கிறது. மேற்கே பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளில் ரப்பர் மரத்தூளும் சீவலும் விழுகின்றன. சாம்பல் குறைந்த, சிறு எரிப்பானுக்கு ஏற்ற மூலப்பொருள் அது. கிழக்கே தேனி மாவட்டத்தில் மரஅறுவை ஆலைத் தூள், மக்காச்சோளச் சக்கை, பருத்தித் தண்டு, தென்னைக் கழிவு கிடைக்கின்றன. இன்னும் கிழக்கே விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல் இருக்கிறது. கடைசி வகைகளில் சாம்பலும் மணலும் கூடுதல் என்பதால் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய உலைக்கே அவை பொருந்தும்.

அகற்றப்படும் கிராண்டிஸ் மரத்தைப் பெல்லட் ஆக்கலாம் என்ற யோசனையில் கவர்ச்சி இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அகற்றும் வேலை ஒரு முறை நடந்து முடிவது, ஆலையோ பதினைந்து இருபது ஆண்டு ஓட வேண்டியது. கிராண்டிஸை நம்பி நிறுவிய ஆலை அது தீர்ந்ததும் மீண்டும் கிராண்டிஸ் நடச் சொல்லும், அல்லது நிழல் மரத்தின் பக்கம் திரும்பும். அதனால் அந்த மரத்தை மூணாறு, பீருமேட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிம்பாக்கி உலர்த்தி நேரடியாக எரிப்பதே மேல் என்று கருதுகிறேன்.

யாரிடம், எதை

இரு மாநிலங்களுக்கும் பொதுவான கதவு நறுமணப் பொருள் வாரியம். மேம்பட்ட ஏலக்காய் உலர்த்தும் கருவிகளுக்கு உதவித்தொகை தந்த முன்வழக்கம் அதற்கு உண்டு. புதிய திட்டம் கேட்பதைவிட, இருக்கும் கருவிப் பட்டியலில் 20 முதல் 50 கிலோவாட் வரையான பெல்லட் எரிப்பானைச் சேர்க்கக் கேட்பது எளிது, விரைவில் நடக்கக்கூடியதும்கூட. தேயிலைக்கும் இதைப் போன்ற முன்னுதாரணம் உண்டு. தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆற்றல் சேமிப்புக்காகத் தேயிலை வாரியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து முன்பு செயல்பட்டிருக்கின்றன.

வரியில் சமநிலை வேண்டும் என்ற மனு ஜிஎஸ்டி மன்றத்துக்குப் போக வேண்டும், அது இரு மாநில நிதியமைச்சர்களின் வழியாகத்தான் போக முடியும். போடி வணிகர்களும் வண்டன்மேட்டு விவசாயிகளும் தனித்தனியே எழுதினால் அது இரண்டு மாநிலங்களின் இரண்டு சிறு குரல்களாகக் கேட்கும். ஒரே வரைவில் இரு பக்கமும் கையெழுத்திட்டு இரு தலைநகரங்களுக்கும் ஒரே வாரத்தில் அனுப்புவது மேல். கேட்பதும் குறுகியதாக இருக்கட்டும்: சாம்பல் குறைந்த, 8 மில்லிமீட்டருக்கு மேற்படாத, மரஅறுவைக் கழிவிலிருந்து செய்த பெல்லட்டுக்கு விறகைப் போலவே வரிவிலக்கு.

தேசிய உயிரி ஆற்றல் திட்டம் 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்கு வகுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து எழுதப்படும் விதிகளில் சிறு எரிப்பானுக்கான பெல்லட்டைத் தனி வகையாகப் பிரிப்பதும், ஆலை உதவியில் ஒரு பங்கை எரிப்பானுக்குத் திருப்புவதும் இடம்பெற வேண்டும். அதற்கு முன் நம் கையில் ஒன்று இருக்க வேண்டும். மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓர் அமைப்பின் மேற்பார்வையில், ஒரே உயரத்தில் உள்ள சில ஸ்டோர்களில் விறகையும் பெல்லட்டையும் ஒரு முழுப் பருவம் அருகருகே ஓட்டி, எரிபொருள் எடை, மின்சாரம், அறை வெப்பநிலை, ஏலத்தில் கிடைத்த விலை ஆகியவற்றை நாள்வாரியாகப் பதிந்த அளவீடு அது. மேலே நான் போட்ட கணக்கு மதிப்பீடு மட்டுமே. அமைச்சகத்தின் மேசையில் மதிப்பீடு நிற்காது, அளவீடு நிற்கும். ஆடிக்கு முன் எரிப்பான்களைப் பொருத்திவிட்டால் தை முடிவதற்குள் அது கிடைத்துவிடும்.